லண்டனில் ஒரு ஞாயிறு: நான்கு சந்தைகளை நடந்தே பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து ஓரிரு மாதம்தான் ஆகிறதா? வார நாட்கள் வகுப்பு, வேலை, சமையல் என்று ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என்ன செய்வதென்று தெரியாது. டவர் பிரிட்ஜும் பிக் பென்னும் பார்த்தாயிற்று. இனி எங்கே போனாலும் நுழைவுச்சீட்டு இருபது முப்பது பவுண்டு என்கிறார்கள்.

கிழக்கு லண்டனில் ஞாயிறன்று நான்கு தெருச் சந்தைகள் வரிசையாகக் கிடக்கின்றன: கொலம்பியா ரோடு பூச்சந்தை, பிரிக் லேன், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், பெட்டிகோட் லேன். வடக்கே தொடங்கித் தெற்கே முடித்தால் மொத்தம் மூன்று கிலோமீட்டர்தான், நடுவில் ரயிலே ஏற வேண்டாம். நுழைவுக் கட்டணம் எதற்கும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் திறந்து ஒவ்வொரு நேரத்தில் கட்டிவிடுகிறது. நான் வந்த புதிதில் இதை ஒரே இடத்தில் எழுதி வைத்தவர் யாரும் கிடைக்கவில்லை. ஒருவருக்குப் பூச்சந்தை மட்டும் தெரியும், இன்னொருவருக்குப் பிரிக் லேன் மட்டும் தெரியும். துண்டு துண்டாக விசாரித்து, நடந்து பார்த்துச் சேர்த்ததைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. கிழமையை முதலில் உறுதி செய்யுங்கள்

ஞாயிறு மட்டும்தான். சனிக்கிழமை போனால் கொலம்பியா ரோடு வெறும் குடியிருப்புத் தெரு. அங்கே ஒரு பூக்கூடை கூட இருக்காது. பிரிக் லேனில் சனியன்று கொஞ்சம் கடைகள் இருக்கும், ஆனால் தெருவே சந்தையாக மாறுவது ஞாயிறன்றுதான்.

இதற்கு நேர்மாறாக, பக்கத்திலேயே இருக்கும் வைட்சேப்பல் சந்தையும் டால்ஸ்டனில் இருக்கும் ரிட்லி ரோடு சந்தையும் திங்கள் முதல் சனி வரைதான். முருங்கைக்காய், வெண்டைக்காய், மீன் என்று தேடி ஞாயிறன்று அங்கே போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் நிறைய. போர்ட்டோபெல்லோ ரோட்டின் பழம்பொருள் சந்தைக்குச் சனிதான் நாள். ஆக, சனிக்கு ஒரு பட்டியல், ஞாயிறுக்கு ஒரு பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும் நாட்கள். மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால் போகும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், சுவர்க்கடிகாரம் மாறாது.

2. கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்த நாட்டில் தெருவில் நடக்க அடையாள அட்டை எடுத்துப்போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பிஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி அட்டைகள் 2024 இறுதியோடு போய், இப்போது எல்லாம் ஈ-விசா. கூட்டத்தில் பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். மது வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் கடையில் வயதுச் சான்று கேட்பார்கள். அதற்குப் பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம் போதும், கற்றுக்கொள்பவர்களுக்கான தற்காலிக உரிமமும் செல்லும்.

பயணத்துக்கு, தொடாமல் பணம் செலுத்தும் வசதி உள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு போதும். ரூபே அட்டை இங்கே கதவைத் திறக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் சேரலாம். இங்கே வங்கிக் கணக்கு திறக்கும்வரை லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வது மலிவு.

மாணவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 18 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கான ஆய்ஸ்டரில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் அது வாராந்திர, மாதாந்திரப் பயணச்சீட்டுகளுக்குத்தான், ஒற்றைப் பயணத்துக்குக் கிடையாது. ஒற்றைப் பயணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் 16-25 அல்லது 26-30 ரயில்கார்டு வாங்கி (2025இல் ஆண்டுக்கு 35 பவுண்டு), சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் காட்டி உங்கள் ஆய்ஸ்டரோடு இணைக்கச் சொல்ல வேண்டும். இணைத்த பிறகு, நெரிசல் இல்லாத நேரப் பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். சனி, ஞாயிறு முழுக்க அந்த நேரம்தான். இணைக்காமல் பையில் வைத்திருந்தால் சுரங்க ரயிலில் ஒரு பென்னி கூடக் குறையாது. வங்கி அட்டையோடு இதை இணைக்கவும் முடியாது.

ரொக்கம் இருபது பவுண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் பத்துமாக இருந்தால் நல்லது. பெரும்பாலான கடைகளில் அட்டை எடுப்பார்கள். பழைய சாமான் விற்பவர்களிடமும் பேரம் பேசும் இடத்திலும் ரொக்கம்தான் வேலை செய்யும். ஊரில் மாமாவோ சித்தப்பாவோ வழிச்செலவுக்கென்று கொடுத்த பவுண்டு நோட்டுகள் காகிதமாக இருந்தால் கடையில் வாங்க மாட்டார்கள். காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பரோடு செல்லாமல் போய்விட்டன. பழைய வட்டமான ஒரு பவுண்டு நாணயமும் 2017 முதல் செல்லாது. நோட்டுகளை மட்டும் பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றலாம், அது வார நாட்களில்தான்.

3. சனி இரவே ரயிலைச் சரிபாருங்கள்

வார இறுதிகளில் சுரங்க ரயில் பாதைகளைப் பராமரிப்புக்காக மூடுவது இங்கே வழக்கம். உங்கள் வீட்டுப் பக்கத்துப் பாதைதான் அன்று மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல்லின் ‘டிஎஃப்எல் கோ’ செயலியில் சனி இரவு ஒரு தடவை பார்த்தால் போதும். கூகுள் மேப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், ஆனால் மூடல் விவரத்துக்கு டிஎஃப்எல் செயலியைத்தான் நம்ப வேண்டும்.

கொலம்பியா ரோட்டுக்குப் பக்கத்து நிலையம் ஹாக்ஸ்டன். ஓவர்கிரவுண்ட் என்ற நகர ரயிலில் விண்ட்ரஷ் பாதை. அங்கிருந்து பத்து நிமிட நடை. லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை வந்துவிட்டால் 26ஆம் எண் பேருந்து ஹாக்னி ரோட்டில் இறக்கிவிடும். 2025 கணக்கில் பேருந்துக் கட்டணம் 1.75 பவுண்டு. முதல் பேருந்தில் அட்டையைக் கருவியில் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே 1.75தான். நாள் முழுக்கப் பேருந்தில் மட்டுமே போனால் 5.25 பவுண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் பழக்கம் லண்டன் பேருந்துகளில் 2014இலேயே போய்விட்டது, ஓட்டுநரிடம் நாணயத்தை நீட்டாதீர்கள்.

ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும், பேருந்தில் ஏறும்போது மட்டும். காலையில் அட்டையைத் தொட்டால் மாலை வரை அதே அட்டை. அதே வங்கிக் கணக்குதானே என்று நடுவில் கைபேசியைத் தொட்டால், இரண்டையும் இரண்டு பயணிகளாகக் கணக்கிட்டுவிடும். நாள் உச்சவரம்பும் கிடைக்காது, இறங்கும்போது தொடாத பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணமும் விழும்.

4. காலை 8: கொலம்பியா ரோடு

இந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எட்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வாக்கில் முடிகிறது. எட்டரைக்குள் போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் தீபாவளிக்கு முந்தின வாரத்து ரங்கநாதன் தெருதான், பூவைப் பார்க்க முடியாது, முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கலாம். தெருவின் இரண்டு பக்கமும் கடைகள் நடுப்பாதையைப் பார்த்து நிற்கும். எல்லாரும் அந்த நடுப்பாதையில்தான் நெருக்குவார்கள். கடைகளுக்குப் பின்னால் நடைபாதை காலியாகக் கிடக்கும். அந்தப் பக்கமாக நடந்தால் ஓவியக்கடை, மண்பாண்டக்கடை, காபிக்கடை எல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம், வேண்டிய இடத்தில் மட்டும் நடுவே வரலாம்.

விற்பவர்கள் அடித்தொண்டையில் விலை கூவுவார்கள். ஃபைவர் என்றால் ஐந்து பவுண்டு, டென்னர் என்றால் பத்து. “டூ ஃபார் எ டென்னர்” என்று கேட்டால் இரண்டு கட்டு பத்து பவுண்டு. காலையில் பேரம் பேசினால் பலிக்காது. கட்டும் நேரம் நெருங்க நெருங்க அவர்களே குறைப்பார்கள். கொய்மலர் மட்டும் போதும், எந்த நிறமானாலும் சரி என்பவர்கள் இரண்டு மணிக்கு மேல் வரலாம். நல்ல தொட்டிச் செடி வேண்டும் என்பவர்கள் காலையில்தான் வர வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். தொட்டியைத் தூக்கி அடியில் இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். வேர் வெளியே கொத்தாகத் தொங்கினால் அந்தச் செடி தொட்டியை நிறைத்துவிட்டது, வீட்டுக்குப் போனதும் பெரிய தொட்டிக்கு மாற்றும் செலவு இருக்கிறது. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மே, ஜூனில் பியோனி மொட்டுகள் வரும். அதை விரலால் மெல்ல அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். துளியும் அமுங்காத மொட்டு உங்கள் ஜாடியில் விரியாமலே வாடிப் போகலாம். டாஃபடில் என்றால் நேர் எதிர்: பச்சையாக இறுக மூடிய மொட்டுக் கட்டைத்தான் எடுக்க வேண்டும், இரண்டாம் நாள் எல்லாம் விரிந்துவிடும்.

மல்லிகை என்று எழுதி வைத்த கொடிகள் இருக்கும், வாசமும் இருக்கும். நம் ஊர்க் குண்டுமல்லி என்று நினைத்து வாங்காதீர்கள். தலையில் வைக்கச் சரம் தொடுக்கும் பருமன் அதற்கு இல்லை. அறையின் ஜன்னல் வடக்குப் பார்த்தது என்றால் லாவெண்டரும் ரோஸ்மேரியும் வேண்டாம், இரண்டுக்கும் வெயில் வேண்டும். பெரணி வகைகள் பிழைக்கும்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, எடை. எட்டரைக்கு வாங்கிய தொட்டியை மதியம் வரை நீங்கள்தான் சுமக்க வேண்டும். காகிதத்தில் சுற்றிய ஒரு பூங்கட்டு அல்லது உள்ளங்கை அளவுத் தொட்டி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய செடிக்கென்று இன்னொரு நாள் தனியாக வரலாம். இரண்டு, ஊருக்குக் கொண்டுபோகும் ஆசை. அம்மாவுக்கு டியூலிப் கிழங்கு என்று பெட்டியில் வைத்தால், இந்தியாவில் இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் கேட்பார்கள். கிழங்கு, விதை, செடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவை இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிபோகும்.

5. ஒன்பதே முக்கால்: ஆர்னால்ட் சர்க்கஸ் வழியாக

இங்கிருந்து பிரிக் லேனுக்கு நேர்வழியும் உண்டு. கொஞ்சம் மேற்கே வளைந்து ஆர்னால்ட் சர்க்கஸ் வழியாகப் போங்கள் என்பேன். ஏழு தெருக்கள் வந்து கூடும் ஒரு வட்டம், நடுவில் மேடான சிறு தோட்டம், மேலே இசைமண்டபம். சுற்றிலும் சிவப்புச் செங்கல் குடியிருப்புகள். பெஞ்சு இருக்கிறது, காசு கேட்க ஆளில்லை. வீட்டிலிருந்து இட்லியோ தயிர்சாதமோ கொண்டுவந்திருந்தால் இதுதான் இடம்.

6. பத்தரை: பிரிக் லேன்

பெத்னல் கிரீன் ரோட்டைக் கடந்ததும் பிரிக் லேனின் சந்தைப் பகுதி. உள்ளே நுழைந்த சில அடிகளிலேயே வலப்பக்கம் இரண்டு பேகல் (நடுவில் ஓட்டையுள்ள வட்ட ரொட்டி) கடைகள் அடுத்தடுத்து இருக்கும். பலகையில் பைகல் என்று எழுதியிருப்பார்கள். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும். அங்கே புகழ்பெற்றது உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்தது. அது சாப்பிடாதவர்கள் கிரீம் சீஸ் வைத்ததைக் கேளுங்கள், விலையும் குறைவு. கவுன்டரை அடைவதற்குள் என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அப்புறம் ஸ்க்ளேட்டர் தெரு. ரம்பம், ஸ்பானர், பழைய கேமரா, கடிகாரம், பெட்டி பெட்டியாகக் கதவுக் கைப்பிடி எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். புது அறைக்குப் பாத்திரம், மேசைவிளக்கு, பொருத்துக்கருவி தேடுகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது லாபம். மின்சாதனம் வாங்கினால் அது ஓடுகிறதா என்று பார்க்க வழியில்லை, பிளக்கைக் கழற்றி உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று பார்க்கவாவது செய்யுங்கள். சைக்கிளை யாராவது ரசீது இல்லாமல் மலிவாக நீட்டினால் வேண்டாம். திருட்டுச் சைக்கிள் என்று பின்னால் தெரிந்தால் வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும். பைக்ரெஜிஸ்டர் தளத்தில் சட்டக எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், இலவசம்தான்.

ரயில் பாலத்தைத் தாண்டினால் பழைய ட்ரூமன் மதுவடிசாலை வளாகம். உள்ளே உணவுக் கூடம், பழைய துணிக் கூடம். குளிர்காலக் கோட்டு வாங்காதவர்கள் இந்தத் துணிக் கூடத்தில் பாருங்கள். கம்பளிக் கோட்டுகள் கடை விலையை விட நன்றாகவே குறையும். அக்குளையும் காலரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பூச்சி அரித்த ஓட்டை இல்லை என்று உறுதி செய்த பிறகு விலை பேசுங்கள்.

தெற்கே போகப் போகத் தெருப் பெயர்கள் வங்காளியிலும் எழுதியிருக்கும். கறி உணவகங்களின் வாசலில் ஆள் நின்று உள்ளே கூப்பிடுவார். சலுகை விலை சொல்வார். அதில் சோறும் குடிதண்ணீரும் சேர்த்தியா என்று உட்காரும் முன் கேளுங்கள். பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் என்று வந்தால், அது விருப்பத்தின் பேரில் கொடுப்பது என்று கீழே எழுதியிருக்கும். சேவை பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஊர் அட்டையில் கட்டும்போது இயந்திரம் பவுண்டா ரூபாயா என்று கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம்: நடைபாதை ஓரத்தில் நின்று கைபேசியை நீட்டி வழி பார்க்காதீர்கள். மின்சைக்கிளில் வருகிறவர்கள் ஒரே இழுப்பில் பறித்துப் போவது லண்டன் முழுக்க நடக்கிறது. வழி பார்க்க வேண்டுமானால் கடை வாசலுக்குள் ஒதுங்கிச் சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கிளம்பும் முன்பே *#06# அழுத்தி வரும் ஐஎம்ஈஐ எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். போலீசில் புகார் கொடுக்கும்போது அது வேண்டும்.

7. பன்னிரண்டரை: பெட்டிகோட் லேன் முதலில், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பிறகு

வரைபடத்தைப் பார்த்தால் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் முன்னால் வரும். ஆனால் பெட்டிகோட் லேன் இரண்டு மணி வாக்கில் மூட்டை கட்டிவிடும், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மாலை வரை இருக்கும். அதனால் ஃபூர்னியே தெரு வழியாக மேற்கே போய், பெரிய வெள்ளைத் தேவாலயத்தைத் தாண்டி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நிற்காமல் முதலில் தெற்கே இறங்குங்கள்.

பெட்டிகோட் லேன் என்று தெருப் பலகை எங்கும் இருக்காது. பலகையில் மிடில்செக்ஸ் தெரு என்றுதான் இருக்கும், கைபேசியில் அதைத்தான் தேட வேண்டும். சட்டை, காலுறை, பெட்டி, தோல் ஜாக்கெட் எல்லாம் பேரம் பேசி வாங்கும் சந்தை. நம் ஊரில் பேசுகிற மாதிரி பாதியிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு சேர்த்துக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். பிராண்டு பெயர் போட்டு நம்ப முடியாத விலைக்குத் தந்தால் அது போலி.

திரும்ப ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். இது கூரை போட்ட சந்தை, மழைக்கு ஒதுங்க ஏற்ற இடம். கைவினைப் பொருட்கள் நன்றாக இருக்கும், விலையும் நன்றாகவே இருக்கும். உட்கார்ந்து சாப்பிடலாம், கழிப்பறையும் இருக்கிறது. கூட்டமாக இருந்தால் ஐந்து நிமிட நடையில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம். அங்கே கழிப்பறைக்குக் கட்டணம் இல்லை. கொலம்பியா ரோட்டை விட்டால் இடையில் கழிப்பறை கிடைப்பது சிரமம், குழந்தைகளோடு வருகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

8. மூன்று மணிக்கு மேல்

டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கிளம்பிவிடுங்கள். கோடையில் கால் வலிக்கவில்லை என்றால் ஆல்ட்கேட் ஈஸ்ட்டுக்கு அருகிலேயே வைட்சேப்பல் ஓவியக்கூடம் இருக்கிறது. பெரும்பாலான காட்சிகள் இலவசம், ஞாயிறும் திறந்திருக்கும்.

வார மளிகையை வழியில் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையில் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். பல கடைகள் நாலு அல்லது ஐந்து மணிக்கே மூடிவிடும். சின்னக் கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அதனால் என் யோசனை இது: ஆல்ட்கேட் ஈஸ்ட்டில் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஏறுங்கள், மாறாமல் நேராக ஈஸ்ட் ஹாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த். தமிழ்ப் பலகைகள், தோசைக்கடை, கொத்துரொட்டி, கறிவேப்பிலையும் சாம்பார்ப் பொடியும் விற்கும் மளிகைக் கடைகள். இரவுச் சாப்பாடு, வாரச் சாமான் இரண்டும் அங்கேயே முடியும். அண்ணே, அக்கா என்று தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அறை வாடகைக்கு இருக்கிறது என்ற தாள்களும் அங்குள்ள சில கடைகளில் ஒட்டியிருக்கும். வீடு தேடுகிறவர்கள் பார்த்து வையுங்கள், ஆனால் அறையை நேரில் பார்த்து, ஒப்பந்தம் கையில் வாங்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

9. செலவும், திங்கட்கிழமை செய்ய வேண்டிய ஒரு வேலையும்

பேருந்து மட்டும் என்றால் 2025 கணக்கில் போக்குவரத்து 5.25 பவுண்டுக்குள். ரயிலும் சேர்ந்தால் நீங்கள் இருக்கும் மண்டலத்தைப் பொறுத்துக் கூடும். ஒரு பேகல், ஒரு காபி, ஒரு வேளை தெருவுணவு, ஒரு பூங்கட்டு என்று சிக்கனமாகப் போனால் முப்பது பவுண்டில் நாளை முடிக்கலாம். சோறு கட்டிக்கொண்டு வந்தால் அதில் பாதி போதும்.

திங்கட்கிழமை டிஎஃப்எல் கணக்கில் உங்கள் அட்டையைப் பதிவு செய்து, முந்தைய நாள் பயணங்களை ஒருமுறை பாருங்கள். எங்காவது தொடாமல் இறங்கியதாகக் காட்டி அதிகபட்சக் கட்டணம் எடுத்திருந்தால், எந்த நிலையத்தில் இறங்கினீர்கள் என்று அங்கேயே சொல்லித் திரும்பக் கேட்கலாம். பதிவு செய்யாத அட்டைக்குப் பயண விவரம் சில நாட்களுக்குத்தான் தெரியும், அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.